டூசென் நோயுள்ள மகனுக்கு ஒப்பரேசன்: மயக்க மருந்து கொடுக்கலாமா?

வடமராட்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, நிறை 30 கிலோ. ஐந்து வயதில், நிலத்திலிருந்து எழும்பும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழும்புவதைக் கண்டு வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு காய்ச்சலுக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியங்கள் கூடியிருந்தன என்று ஒரு வருடம் ‘ஈரல் வருத்தத்துக்கு’ மருந்து கொடுத்தார்களாம். கடைசியில் மரபணுப் பரிசோதனையில் டூசென் தசைத் தேய்வு நோய் என்று உறுதியானது. இப்போது காலையில் 20 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் எடுக்கிறான். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நடந்து திரிகிறான். படி ஏறத்தான் கஷ்டம். நான்கு மாதமாக வலது கவட்டில் குடலிறக்கம். இருமினால் வீங்கும், படுத்தால் உள்ளே போய்விடும்.

தனியார் வைத்தியசாலை ஒன்றில், “சின்ன ஒப்பரேசன்தானே, காலமை வந்தால் பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்” என்றிருக்கிறார்கள். கனடாவிலிருக்கும் மைத்துனர், இந்த நோய்க்காரருக்கு மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழும்பமாட்டார்கள் என்கிறார். மாமியார் பெல்ட் போட்டுச் சமாளிக்கலாம் என்கிறார். முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம் என்று ஒருவர் சொல்ல, போட்டால் காலில் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும் என்று இன்னொருவர் பயமுறுத்தியிருக்கிறார். பிரெட்னிசொலோனை ஒரு கிழமைக்கு முன்னரே நிறுத்தினால்தான் புண் ஆறும் என்பது பார்மசியில் கிடைத்த ஆலோசனை. தாயின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவருடைய அண்ணன் 1980களின் கடைசியில், பத்து வயதில், கை முறிவுக்கு மயக்கம் கொடுத்தபோது மேசையிலேயே இறந்துபோனார். “இதயம் பலவீனம்” என்று சொல்லப்பட்டதாம். கடிதத்தின் அடியில் ஒரு வரி: “என்ர தங்கச்சியின்ர மகனுக்கு மூன்று வயது. அடுத்த மாதம் ரொன்சில் ஒப்பரேசன். அவன் நல்ல சுகமாய் இருக்கிறான். அவனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?”

அன்புள்ள அம்மா,

போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட அவசரமானது. அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

தங்கையின் மகன்

டூசென் நோய், எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கும் டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் ஏற்படும் பிழையால் வருவது. தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வரும். தாய்க்குப் பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் குடும்பத்தில் முன்பு இல்லாமலே புதிதாகவும் தோன்றும். ஆனால் உங்கள் குடும்பத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் அண்ணனும் ஓடமாட்டார், அடிக்கடி விழுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இதே நோய் இருந்திருந்தால், உங்கள் அம்மாவும் நீங்களும் பிழையுள்ள மரபணுவைக் காவுகிறவர்கள். தங்கையும் காவுகிறவராக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவருடைய மகனுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மூன்று வயதில் ‘நல்ல சுகம்’ என்பதை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. உங்கள் மகனும் மூன்று வயதில் சுகமாகத்தான் இருந்திருப்பான். மயக்க மருந்தில் மிக ஆபத்தான நிலையில் இருப்பது நோய் இருப்பது தெரிந்த பிள்ளை அல்ல. நோய் இருந்தும் ஒருவருக்கும் தெரியாத பிள்ளைதான். தெரிந்த பிள்ளைக்கு நாங்கள் மருந்தை மாற்றிவிடுவோம். தெரியாத பிள்ளைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதையே கொடுப்போம். நலமாகத் தெரிந்த சிறுவர்கள் சக்சமெத்தோனியம் என்ற ஊசிக்குப் பிறகு திடீரென்று இதயம் நின்று இறந்ததும், பின்னர் தேடிப் பார்த்தபோது அவர்களில் பலருக்குக் கண்டுபிடிக்கப்படாத தசை நோய் இருந்ததும் தெரியவந்தது. அதனால்தான் 1990களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அந்த மருந்தைச் சிறுவர்களுக்கு வழமையாகப் பாவிக்க வேண்டாமென்று கடும் எச்சரிக்கை போட்டது.

ஆகவே இன்றைக்கே தங்கையுடன் கதையுங்கள். ஒப்பரேசனுக்கு முன்னர் அவனுக்கு, தசையிலிருந்து இரத்தத்துக்குக் கசியும் நொதியத்தை அளக்கும் சி.பி.கே. என்ற இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம், வெறும் வயிறு தேவையில்லை. சாதாரணமாக 200 அளவில் அல்லது அதற்குக் கீழே இருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும். டூசென் உள்ள பிள்ளைகளில் பிறந்ததிலிருந்தே ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த வயதில் பெரும்பாலும் 10,000 ஐத் தாண்டும். மூன்று வயதில் சி.பி.கே. சாதாரணமாக இருந்தால் டூசென் இல்லை என்று நம்பலாம். விழுந்து அடிபட்டாலோ தசையில் ஊசி போட்டாலோ கொஞ்சம் கூடும். அது நூற்றுக்கணக்கில்தான் இருக்கும், பத்தாயிரம் ஆகாது. முடிவு கைக்கு வரும்வரை ரொன்சில் ஒப்பரேசன் காத்திருக்கலாம். ஏதோ காரணத்தால் காத்திருக்க முடியாவிட்டால், “பெரியம்மாவின் மகனுக்கு டூசென், மாமா ஒருவர் மயக்கத்தில் இறந்தவர்” என்ற இரண்டு விஷயத்தையும் மயக்க மருந்து வைத்தியரிடம் நேரே சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொன்னது போதும் என்று விட்டுவிட வேண்டாம்.

ஒரு கவனம்: தங்கைக்கு சி.பி.கே. எடுத்துப் பார்த்து “சாதாரணம், பயமில்லை” என்று முடிவுகட்டக் கூடாது. காவும் பெண்களில் பலருக்கு அது சாதாரணமாகவே இருக்கும். அவருக்கும் உங்களுக்கும் மரபணுப் பரிசோதனைதான் விடை சொல்லும். காவும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பாதிக்கப்படுவதால், நீங்கள் இருவரும் சில வருடங்களுக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கான் எடுப்பது நல்லது.

எந்த மருந்துக்குப் பயப்பட வேண்டும்

மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை. டூசென் பிள்ளைக்கு மயக்க மருந்தே கொடுக்கக் கூடாது என்பது பிழை. முதுகெலும்பை நிமிர்த்தும் பல மணி நேர ஒப்பரேசன்கள்கூட இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கின்றன. ஆகாதவை குறிப்பிட்ட சில மருந்துகள்.

டிஸ்ட்ரோஃபின் என்பது தசைக்கலத்தின் மென்சவ்வை உள்ளிருந்து பிடித்துக் கட்டி வைத்திருக்கும் புரதம். கிடுகு வேலியில் கட்டுக்கயிறு இற்றுப்போனால் வேலி நிற்பதுபோலத்தான் தெரியும். ஒரு காற்றுக்குத்தான் கதை வெளியே வரும். சக்சமெத்தோனியம் உடம்பிலுள்ள எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் சுருங்கவைத்துத் தளர்த்தும் ஊசி. பலமில்லாத சவ்வு அந்த அதிர்ச்சியில் பிய்ந்து, கலத்துக்குள் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்துக்குள் கொட்டும். சாதாரணமாக லீற்றருக்கு 4 மில்லிமோல் அளவில் இருக்கும் பொட்டாசியம் சில நிமிடத்தில் இரட்டிப்பாகலாம். அப்போது இதயம் நின்றுவிடும். இந்த மருந்து உங்கள் மகனுக்கு ஒருநாளும் ஆகாது. இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

இரண்டாவது, சுவாசிக்கக் கொடுக்கும் மயக்க வாயுக்கள்: ஹலோதேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன். இவையும் அதே சவ்வைப் பாதித்துத் தசையைச் சிதைக்கலாம், ஆனால் எல்லாப் பிள்ளைகளிலும் அல்ல. ஒருமுறை ஒன்றும் நடக்காத பிள்ளைக்கு அடுத்தமுறை நடந்திருக்கிறது. ஒப்பரேசன் நல்லபடி முடிந்து, கண்விழிக்கும் அறையில் கிடக்கும்போதும் நடக்கலாம். நாளம் கிடைக்காத பிள்ளைக்கு ஊசி ஏற்றும்வரை சில நிமிடம் மட்டும் வாயு கொடுக்கலாம் என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்யும் ஒப்பரேசனில் அதுகூடத் தேவையில்லை என்பதே என் முடிவு. நைட்ரஸ் ஒக்சைட் இந்தக் கூட்டத்தில் சேராது, அது பாவிக்கலாம். பல்லுக்குப் போடும் விறைப்பு ஊசிக்கும் தடையில்லை.

உங்கள் அண்ணனின் விஷயத்தை இன்று ஒருவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைகளை மயக்க ஹலோதேனும் சக்சமெத்தோனியமும் வழமையான மருந்துகள். விழுந்து விழுந்து நடந்த பத்து வயதுச் சிறுவனின் இதயம் மேசையில் திடீரென்று நின்றது என்பது இந்த நோயின் போக்கோடு பொருந்துகிறது. மயக்கம் கொடுத்த வைத்தியருக்கு அப்போது அது தெரிந்திருக்க வழியில்லை.

பெல்ட் போட்டுச் சமாளிக்கலாமா

சமாளிக்கக் கூடாது. குடலிறக்கம் தானாக மூடாது. என்றைக்காவது குடல் சிக்கினால், நடு இரவில், வயிறு நிறைந்த பிள்ளையை அவசரமாக மயக்க வேண்டிவரும். வயிறு நிறைந்த பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குள் சுவாசக் குழாய் போட வேண்டும். அதற்குப் பழகிய கை தேடிப் போவது சக்சமெத்தோனியத்தைத்தான். அதற்குப் பதிலாக ரொக்குரோனியம் என்ற வேறு தசை தளர்த்தும் மருந்தைக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், உங்கள் மகனுக்கு 36 மில்லிகிராம் அளவில், கொடுத்துச் செய்யலாம். அவசரத்தில் அந்த ஒரு வாக்கியத்தை நினைவூட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் பயப்படும் ஆபத்து ஒத்திப்போடுவதால் குறையாது, கூடும். நடக்கிற வயதில், நெஞ்சு நல்லபடி இருக்கும்போது, பகலில், ஆயத்தத்தோடு செய்துவிடுவதுதான் நல்லது.

முதுகில் ஊசி

கால் பலம் போய்விடும் என்பது ஆதாரமில்லாத பயம். விறைப்பு மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; டூசென் தசையின் வருத்தம், நரம்பின் வருத்தம் அல்ல. கூன் விழுந்த பிள்ளைகளில் ஊசி போட இடம் பிடிப்பது கடினம். உங்கள் மகனுக்கு அந்தக் கட்டம் வரவில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை முழித்தபடி தியேட்டர் வெளிச்சத்தில் அரை மணி நேரம் அசையாமல் கிடப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துத்தான் செய்வோம். நாளத்தால் கொடுக்கும் புரொபோஃபோலில் நித்திரையாக்கி, முதுகின் அடியிலோ, அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கவட்டு நரம்பைச் சுற்றியோ புபிவக்கேன் என்ற விறைப்பு மருந்தைப் போடுவது. வலி அப்படியே அடங்குவதால் மயக்கமும் குறைவாகப் போதும், மோர்ஃபின் வகை மருந்தும் குறைவாகப் போதும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஒரு வருடத்துக்குள் எடுத்த எக்கோவும் ஈ.சி.ஜி.யும் வேண்டும். டூசெனில் இதயத் தசையும் மெல்ல மெல்லத் தளரும். அதிகம் ஓடித்திரியாத பிள்ளை என்பதால் இளைப்பு வெளியே தெரியாது, எக்கோதான் காட்டும். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் செய்ய வேண்டும். உயிர்க்கொள்ளளவு, அதாவது முழு மூச்சை இழுத்து ஊதக்கூடிய அளவு, எதிர்பார்க்கும் அளவில் பாதிக்குக் கீழே இருந்தால், ஒப்பரேசனுக்கு முன்னரே முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரத்தில் பழக்க வேண்டும். 30 வீதத்துக்குக் கீழே என்றால் ஆபத்து மிக அதிகம். நடக்கிற ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நல்ல அளவாகத்தான் வரும். ஆனாலும் எண் கையில் இருக்கட்டும்.

பிரெட்னிசொலோனை நிறுத்தவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். வருடக்கணக்காக வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் எடுக்கும் உடம்பில் அதைச் சுரக்கும் சுரப்பி உறங்கிக் கிடக்கும். திடீரென்று நிறுத்திவிட்டு ஒப்பரேசன் செய்தால் இரத்த அழுத்தமும் சீனியும் இறங்கிப் பிள்ளை சோர்ந்து விழலாம். அன்று காலைக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரில் வழமைபோலக் கொடுங்கள். அதற்கு மேல், மயக்கம் தொடங்கும்போது ஹைட்ரோகோட்டிசோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம், உங்கள் மகனுக்கு 60, ஊசியாகக் கொடுப்பார்கள். வாயால் சாப்பிடத் தொடங்கும்வரை தொடர்வதா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். புண் ஆறச் சற்றுத் தாமதிப்பது உண்மைதான், ஆனால் அந்தத் தாமதத்தைச் சமாளிக்கலாம்.

‘ஈரல் வருத்தம்’ என்ற பழைய குறிப்பை இனிமேல் காவ வேண்டாம். ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. என்ற இரண்டு நொதியங்களும் தசையிலும் இருக்கின்றன. தசை சிதையும்போது அங்கிருந்து இரத்தத்துக்கு வரும். ஈரலுக்கே உரிய ஜி.ஜி.ரி. சாதாரணமாக இருந்தால் குற்றவாளி தசைதான். கிளினிக் கொப்பியில் அந்தப் பழைய வரியைத் திருத்தி எழுதும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வைத்தியர் ஈரலைப் பார்த்துக்கொண்டு தசையை விட்டுவிடுவார்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி கிடைத்தது போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். இருமும் பலம் குறைந்த பிள்ளைக்கு நெஞ்சுச் சளி பெரிய விஷயம். ஆறிய பிறகும் சில கிழமை பொறுப்பது வழமை. சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்னர் நிற்க வேண்டும். தண்ணீரோ பால் விடாத வெறுந்தேத்தண்ணியோ இரண்டு மணி நேரம் முன்வரை கொடுக்கலாம். இராத்திரி பத்து மணியிலிருந்து மத்தியானம்வரை பட்டினி போடுவது இந்தப் பிள்ளைக்கு நல்லதல்ல. அதனால் அன்றைய பட்டியலில் முதலாவதாகப் போடும்படி கேளுங்கள்.

எங்கே செய்வது

“பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்ன இடத்தில் வேண்டாம். அந்த வைத்தியசாலை கூடாதது என்று நான் சொல்லவில்லை. ஒரு இரவாவது இயந்திரக் கண்காணிப்பில் வைத்துப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. ‘சின்ன ஒப்பரேசன்’ என்பது கத்தி வைப்பவரின் கணக்கு. மயக்கம் கொடுப்பவருக்கு இந்தப் பிள்ளையில் சின்ன ஒப்பரேசன் என்று ஒன்று இல்லை.

முதலில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது போதனா வைத்தியசாலைக்கு, சத்திரசிகிச்சைக் கிளினிக் வழியாகக் கடிதத்தோடு போய், ஒப்பரேசன் தேதிக்குச் சில கிழமை முன்னரே மயக்க மருந்து நிபுணரைச் சந்திக்கக் கேளுங்கள். பரிசோதனைகளைப் பார்த்து, இங்கேயே செய்யலாமா, கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்பதை அவர் சொல்லட்டும். இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒப்பரேசன் அல்ல இது. எந்த ஊர் என்பதை விட, கீழே உள்ளவற்றுக்கு என்ன பதில் வருகிறது என்பதே முக்கியம்:

வாயு இல்லாமல், முழுவதும் நாளத்தால் மயக்கம் கொடுப்பீர்களா? சக்சமெத்தோனியம் இந்தப் பிள்ளைக்கு எடுக்கவே படாது என்று தியேட்டரில் எல்லாருக்கும் தெரியுமா?

மயக்க இயந்திரத்தை எப்படி ஆயத்தப்படுத்துவீர்கள்? முந்தின நோயாளிக்குக் கொடுத்த வாயு இயந்திரத்தின் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் தங்கியிருக்கும். வாயுக் குடுவைகளைக் கழற்றி, குழாயையும், காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடா சுண்ணத்தையும் புதிதாக மாற்றி, நிமிடத்துக்கு 10 லீற்றர் ஒட்சிசன் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பழைய இயந்திரங்களுக்கு 20 நிமிடம் அளவில் போதும், சில புதிய வகைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும். கரி வடிகட்டி இருந்தால் வேலை சுருங்கும். பட்டியலில் முதலாவது இடம் கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

தேவைப்பட்டால் அதி தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இருக்குமா? அன்று காலை இல்லை என்றால் ஒப்பரேசனை ஒத்திவைப்பார்களா?

பிள்ளைக்காகச் சம்மதக் கையெழுத்துப் போடுவது நீங்கள். எந்த முறை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று கேட்டு விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது உங்கள் உரிமை. முதல்நாள் இரவு வாட்டில் அவசரமாக நீட்டும் தாளில் போடாமல், கிளினிக்கிலேயே கதைத்து முடித்துவிட்டால் இரு பக்கத்துக்கும் நல்லது.

தியேட்டரிலும் பிறகும்

கேள்வி கேட்கும் தாய்க்கு உள்ளே என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்கலாம். வாட்டிலேயே, ஒரு மணி நேரத்துக்கு முன், இரண்டு கையிலும் விறைப்புக் கிறீம் பூசச் சொல்லுங்கள். ஸ்டீரொய்ட் எடுக்கும் பிள்ளையின் கையில் நாளம் கிடைப்பது கடினம், ஒன்று தவறினால் மற்றது இருக்கும். இது நோகாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. நாளம் இல்லாமல் அழும் பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து வாயு கொடுத்தால், குரல்வளை இறுகிக்கொள்ளலாம். அந்த நேரத்தில்தான் வைத்தியரின் கை சக்சமெத்தோனியத்தைத் தேடும். நாளம் முதலே இருந்தால் அந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை.

குடலிறக்கத்துக்குத் தசை தளர்த்தும் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் ரொக்குரோனியத்தைக் குறைவான அளவில், நரம்புத் தூண்டியில் பார்த்துக் கொடுப்பார்கள். இந்தப் பிள்ளைகளில் அதன் வேலை வழமையை விட இரண்டு மூன்று மடங்கு நீளும். சுகமடெக்ஸ் இருந்தால் அதை முறிக்கலாம். ‘எழும்பமாட்டார்கள்’ என்ற கதைக்கு அடிப்படை ஒருவேளை இதுவாக இருக்கலாம்: மூளை முழித்துவிடும், மூச்சுத் தசை முழிக்கப் பிந்தும். அதுவரை இயந்திரத்தில் வைத்துப் பொறுத்திருந்தால் எழும்புவான். சக்சமெத்தோனியமோ வாயுவோ தவறிப் போய் இதயம் தடுமாறினால், அதைப் பொட்டாசியம் என்றே எடுத்துக் கல்சியம் குளுக்கோனேட் 10 வீதம், கிலோவுக்கு அரை மில்லிலீற்றர், உடனே கொடுக்க வேண்டும். இன்சுலினும் குளுக்கோசும் பின்னால் வரும். நெஞ்சு அழுத்துவதை நீண்ட நேரம் விடாமல் செய்ய வேண்டும். பொட்டாசியம் இறங்கியதும் திரும்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வாட்டுக்கு வந்த பிறகு இரண்டு விஷயத்தை நீங்களே கவனிக்கலாம். ஒன்று சிறுநீர்: கொக்கக் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தம்; உடனே தாதியிடம் காட்டுங்கள், ஊற்றிவிட வேண்டாம். மற்றது ஒட்சிசன். அளவு குறைகிறது என்று மாஸ்க்கை மட்டும் வைத்துவிட்டுப் போனால், திரையில் எண் அழகாக இருக்கும், மூச்சு ஆழமில்லாமல் காபனீரொட்சைட்டு உள்ளே சேரும். ஏன் குறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்; இருமவைத்துச் சளி எடுப்பதும் பைபாப்பும்தான் பெரும்பாலும் விடை. வலிக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அவனுக்கு 450, ஆறு மணிக்கு ஒருமுறை போதும். கோடீனும் ட்ரமடோலும் 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாதவை. ஸ்டீரொய்டோடு இபுபுரோஃபென் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

அடுத்த நாளே எழுப்பி நடக்கவிடுங்கள். பாவம் என்று ஒரு கிழமை கட்டிலில் கிடத்தினால், டூசென் பிள்ளை இழந்த நடையைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். எல்லாம் நல்லபடி நடந்தும் இந்த ஒன்றில் சறுக்கிய குடும்பங்கள் பல.

வேறு தசை நோய் உள்ள பிள்ளைகள்

இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாத் தசை நோயும் ஒன்றல்ல. சென்ட்ரல் கோர் போன்ற, ஆர்.வை.ஆர்.1 மரபணுவோடு தொடர்புள்ள நோய்களில் மயக்க வாயுவால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும் ‘மலிக்னன்ட் ஹைபர்தெர்மியா’ வரலாம். அதற்கு மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். வழமையான குப்பியில் 20 மில்லிகிராம்தான் இருக்கும், ஒவ்வொன்றையும் 60 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். 30 கிலோப் பிள்ளைக்கு முதல் தடவைக்கே நான்கு குப்பி. டூசெனில் நடப்பது இது அல்ல; டான்ட்ரோலீனும் அதற்கு விடையல்ல. மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியில் சக்சமெத்தோனியம் தாடையையும் உடம்பையும் இறுக்கிவிடும். குளிரும் நடுக்கமும்கூட ஆகாது, நித்திரை மருந்தில் ஒரு சொட்டுக்கூட அதிகமாகிவிடும். மைட்டோகொண்ட்ரியா நோய்களில் நீண்ட பட்டினியும் பல மணி நேரப் புரொபோஃபோலும் ஆபத்து. குளுக்கோஸ் சேலைன் ஓட வேண்டும், ஹாட்மன் சேலைன் தவிர்ப்பது நல்லது. முள்ளந்தண்டுத் தசைச் சிதைவிலும் சக்சமெத்தோனியம் வேண்டாம். வாயுக்களில் அவ்வளவு பயமில்லை. ஆகவே பிள்ளைக்கு ‘தசை வருத்தம்’ என்று மட்டும் சொல்லாமல், நோயின் முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

கையில் ஒரு அட்டை

டயக்னோசிஸ் காட்டை வீட்டு அலுமாரியில் வைத்திருப்பதால் பயனில்லை. உங்கள் குழந்தை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, லமினேற் பண்ணி, ஒன்றைப் பள்ளிப் பையிலும் ஒன்றை உங்கள் கைப்பையிலும் வையுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: டூசென் தசைத் தேய்வு நோய். சக்சமெத்தோனியம் கொடுக்கக் கூடாது. மயக்க வாயு தவிர்க்கவும். நாளாந்தம் பிரெட்னிசொலோன், நிறுத்தக் கூடாது. ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. உயர்வு தசையிலிருந்து. மாரடைப்பைத் தேடும் இரத்தப் பரிசோதனையான ட்ரொப்போனினும் இந்தப் பிள்ளைகளில் கூடியிருக்கலாம். கடைசி எக்கோவின் தேதியும் முடிவும். தொலைபேசி இலக்கம். பள்ளிக்கூடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால், அவனைக் கொண்டுபோவது நீங்களாக இருக்காது.

ஒப்பரேசன் தேதி வருவதற்கு முன்னர் குடலிறக்கம் உள்ளே போகாமல் கல்லுப்போல இறுகி நின்றால், நோகிறது என்று அழுதால், சத்தி எடுத்தால், காத்திருக்க வேண்டாம். சாப்பாடு, தண்ணி ஒன்றும் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸை எடுங்கள். மந்திகை வைத்தியசாலை பக்கத்தில் என்றால் முதலில் அங்கேயே போகலாம். அங்கிருந்து யாழ்ப்பாணம் அனுப்புவதை அவர்கள் தீர்மானிப்பார்கள். யார் முதலில் பிள்ளையைத் தொட்டாலும், பெயர் வயது கேட்பதற்கு முன்னரே அட்டையைக் கையில் கொடுத்து, “சக்சமெத்தோனியம் ஆகாது, ஸ்டீரொய்ட் எடுக்கிறவன்” என்று சொல்லிவிடுங்கள்.